உதவி தேவை: வீடு திரும்பும் காலப் பராமரிப்பு ஆய்வுகள் எல்லாமே ஜடாட் அளவுகோலில் 3-க்குள் நிற்கின்றன

செவிலி_மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நோயாளிகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வாரங்களில் தரப்படும் பராமரிப்பைப் பற்றிய மருத்துவச் சோதனைகளை முதுநிலைச் செவிலியர் படிப்பின் ஆய்வேட்டுக்காகத் தொகுத்து வருகிறேன். வழிகாட்டி சொன்னபடி, சோதனைகளின் தரத்துக்கு 5 வரை மதிப்பெண் தரும் ஜடாட் அளவுகோலில் மதிப்பெண் இட்டேன். ஒன்றுகூட 3-ஐத் தாண்டவில்லை. 749 பேரைக் கொண்டு பாஸ்டனில் நடத்தி 2009-இல் வெளியான ‘ரெட்’ ஆய்வுக்கும் அதே கதிதான். எல்லாமே தரம் குறைந்தவை என்று எழுதிவிடலாமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. வட கரோலினாவின் 40 மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ‘காம்பஸ்’ ஆய்வைத் தோழி ‘மோசம்’ என்கிறார், நான் ‘பரவாயில்லை’ என்கிறேன். இருவரும் தனித்தனியாகத்தான் மதிப்பிட்டோம்.

எண்கணக்கன்:
எழுதிவிடாதீர்கள். ஜடாட்டின் 5 மதிப்பெண்ணில் 2, இரட்டை மறைப்புக்கு உரியவை; அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரியாமல் இருப்பது. வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்து, எதை நிறுத்த வேண்டும் என்று சொல்லிப்போகும் செவிலியரை நோயாளியின் கண்ணிலிருந்து எப்படி மறைப்பது? ஆகவே இத்துறையில் எவ்வளவு ஒழுங்காகச் செய்த ஆய்வும் 3-க்கு மேல் போக வழியில்லை. போதாக்குறைக்கு, எந்தக் குழுவுக்கு யார் போகிறார் என்பதைச் சேர்ப்பவரிடமிருந்து மறைத்தார்களா என்ற முக்கியமான கேள்வியை அந்த அளவுகோல் கேட்பதே இல்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினரின் ‘ராப் 2’ கருவிக்கு மாறுங்கள். அது 2019-இல் வெளியானது. குலுக்கல் முறை, திட்டத்திலிருந்து விலகல், விடுபட்ட தரவு, அளவீடு, முடிவுகளைத் தேர்ந்தெடுத்து அறிவித்தல் என ஐந்து வாயில்களிலும் சாய்வு (முடிவை ஒரு பக்கமாகத் திரிக்கும் பிழை) நுழைந்திருக்குமா என்று அது கேட்கிறது. கூட்டி மொத்த மதிப்பெண் போடுவதில்லை. முக்கியமாக, தீர்ப்பு ஆய்வுக்கு அன்று, அதன் ஒவ்வொரு முடிவுக்கும் உரியது. 30 நாளில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாரா என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தால், மறைப்பு இல்லாமை அந்த அளவீட்டை அதிகம் கெடுக்காது. ஆனால் அதே ஆய்வில் ‘பராமரிப்பு திருப்தியாக இருந்ததா’ என்று நோயாளியிடமே கேட்டிருந்தால், வாரந்தோறும் வந்துபோன செவிலியரின் முகம் அந்தப் பதிலில் இல்லாமல் போகாது.

‘ரெட்’ ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மாதத்துக்குத் திட்டக் குழுவில் 0.314 என்றும் மற்றக் குழுவில் 0.451 என்றும் வரும் வேறுபாடு, அவசரப் பிரிவு வருகையையும் மறு அனுமதியையும் சேர்த்து எண்ணியது. பிரித்துப் பார்த்தால் தெளிவான வேறுபாடு அவசரப் பிரிவில்தான். மறு அனுமதி குறைந்தது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவிலேயே நிற்கிறது. உங்கள் ஆய்வேடு மறு அனுமதியைப் பற்றியது என்றால், அந்தக் கூட்டு எண்ணை அப்படியே அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

வார்டு_அனுபவம்:
நானும் ஒன்று சேர்க்கிறேன். கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ‘முன்னும் பின்னும்’ ஒப்பீடுகளைத் தயங்காமல் ஒதுக்குங்கள். நியூ ஜெர்சியின் கேம்டனில் அடிக்கடி மருத்துவமனைக்கு வரும் 800 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. 180 நாளில் மீண்டும் சேர்ந்தவர்கள் திட்டக் குழுவில் 62.3%, மற்றக் குழுவில் 61.7%. திட்டக் குழுவை மட்டும் முன்னும் பின்னும் பார்த்திருந்தால் பெரிய வெற்றி என்றே தோன்றியிருக்கும், ஏனென்றால் அவர்களின் அனுமதிகள் உண்மையிலேயே நன்றாகக் குறைந்தன. ஆனால் வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்ற குழுவிலும் அதே அளவு குறைந்தன. நோய் உச்சத்தில் இருக்கும்போது பிடித்துச் சேர்த்தவர் சில மாதங்களில் சற்றுத் தணிவது இயல்பு.

மறு அனுமதியை அதே மருத்துவமனையில் மட்டும் எண்ணினார்களா என்றும், இறந்தவர்களை என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். இறந்தவர் மறுபடி வார்டுக்கு வர மாட்டார் என்பதால், இறப்பு கூடிய குழுவின் மறு அனுமதி எண் அழகாகத் தெரியும்.

செவிலி_மாணவி:
மிக்க நன்றி. ‘காம்பஸ்’ ஆய்வில் திட்டக் குழுவினரில் 35% பேருக்கே பராமரிப்பு போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் தோழி ‘மோசம்’ என்கிறார். அது தரக்குறைவு ஆகாதா?

எண்கணக்கன்:
‘இந்தத் திட்டத்தை மருத்துவமனைகளிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்’ என்பது உங்கள் கேள்வியானால் ஆகாது. 35% என்பதே அதற்கான விடையின் ஒரு பகுதி. ‘முழுமையாகப் பெற்றவருக்கு எவ்வளவு பயன்’ என்று கேட்டால் அது சிக்கல்தான். இரண்டில் எது உங்கள் கேள்வி என்று ராப் 2 முதலிலேயே முடிவுசெய்யச் சொல்கிறது. நீங்கள் இருவரும் வெவ்வேறு கேள்விக்கு மதிப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் கவலைப்படுவது வேறு எண்ணைக் கண்டு: 90-ஆம் நாள் முதன்மை முடிவு கிடைத்தது ஏறத்தாழ 59% பேரிடம் மட்டுமே. பதில் தராதவர்கள் தந்தவர்களைவிட நலமாக இருந்தார்களா, மோசமாக இருந்தார்களா? விடுபட்ட தரவு என்ற வாயிலில் ‘கவலைக்குரியது’ என்றாவது எழுதுங்கள்.

நோயாளிகளைத் தனித்தனியாக அல்லாமல் மருத்துவமனைகளையே கொத்தாகப் பிரித்த ஆய்வு என்பதால், கொத்து ஆய்வுகளுக்கான ராப் 2 படிவத்தை எடுங்கள். ஒரே மருத்துவமனை நோயாளிகளை ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களாக எண்ணிக் கணக்கிட்டார்களா என்பதையும் தனியே பாருங்கள்.

செவிலி_மாணவி:
பார்த்துவிட்டேன். நான் ‘திட்டத்தை ஒப்படைத்தால்’ என்றும், தோழி ‘முழுமையாகப் பெற்றால்’ என்றும்தான் மதிப்பிட்டிருக்கிறோம். முதல் கேள்வியையே வைத்துக்கொண்டு இன்றிரவு இருவரும் மறுபடி தனித்தனியாக நிரப்புகிறோம். ஜடாட் அட்டவணையை நீக்க வழிகாட்டியிடம் நாளை பேச வேண்டும். அதுதான் கடினமான வேலை.