காரை நேரடியாக விற்கிறேன், என்ன விலை போடலாம்? அவசரம்

நீலவண்டி:
வணக்கம். என் காரை டீலரிடம் தள்ளிவிடாமல் நானே விற்கலாம் என்று இருக்கிறேன். நல்ல கண்டிஷன், ஒரு பிரச்சினையும் கிடையாது. நான்கு டயரும் புதிது, மியூசிக் சிஸ்டம், சீட் கவர், அலாய் வீல் என்று நிறையச் செலவு செய்திருக்கிறேன். நாளைக்கு விளம்பரம் போட்டாக வேண்டும். என்ன விலை சொன்னால் நியாயமாக இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கிளட்ச்வயர்:
என்ன கார்?

செவ்வந்தி:
எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், பெட்ரோலா டீசலா, எத்தனையாவது ஓனர், எங்கேயாவது இடித்ததா, லோன் பாக்கி உண்டா? இதெல்லாம் தெரியாமல் விலை சொன்னால் அதற்குப் பெயர் ஜோசியம்.

மூத்தகுடி:
மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் வரவில்லை. தம்பி, 'நல்ல கண்டிஷன்' என்று எழுதாத கார் விளம்பரம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

நீலவண்டி:
ஹேட்ச்பேக், பெட்ரோல், மேனுவல், 2016. நான்தான் முதல் ஓனர். லோன் முடிந்துவிட்டது. நண்பர் ஒருவர் இதே மாடலை நல்ல விலைக்கு விற்றார். நான் அதைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?

கிளட்ச்வயர்:
கிலோமீட்டர்?

பக்கத்துசீட்டு:
நண்பர் விற்ற விலை ஒரே ஒரு விலை. அதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாடல், அதே வேரியன்ட், அதே வருஷம் அல்லது ஒரு வருஷம் முன்பின், ஓட்டமும் ஏறக்குறைய அதே அளவு. இப்படி ஒரு பத்துப் பதினைந்து விளம்பரங்களை எழுதி வையுங்கள். ஆனால் விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, கைமாறிய விலை இல்லை. அதனால் சில நாள் விட்டு மறுபடி பாருங்கள். அப்படியே கிடக்கும் வண்டிகளின் விலைக்குச் சந்தை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. சட்டென்று காணாமல் போனவைதான் உண்மை விலைக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

அப்புறம் இரண்டு மூன்று டீலரிடம் போய் 'எவ்வளவுக்கு எடுப்பீர்கள்' என்று கேளுங்கள். அதுதான் அடித்தளம், அதற்குக் கீழே நீங்களே விற்பதில் அர்த்தமில்லை. அதே மாதிரி வண்டியை அவர்கள் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது கூரை. அவர்கள் வாரன்டி தருவார்கள், பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுப்பார்கள், லோனுக்கு வழி செய்வார்கள். உங்களிடம் இதில் ஒன்றும் இல்லாதபோது அந்த விலையைக் கேட்க முடியாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் டீலர் லாபத்தை நீங்களும் வாங்குபவரும் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆயில்கறை:
மேலே சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மியூசிக் சிஸ்டம், சீட் கவர், அலாய் எல்லாம் உங்கள் சந்தோஷத்துக்குப் போட்டது. அந்தச் செலவு விலையில் ஏறாது. பழைய வீல் வீட்டில் இருந்தால் அதை மாட்டி விற்றுவிட்டு அலாயைத் தனியாக விற்கலாம், அதில் வருவது அதிகமாக இருக்கலாம். டயர் புதிது என்கிறீர்கள், எவ்வளவு புதிது? பக்கச் சுவரில் 4 இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. வருகிறவர் குனிந்து முதலில் பார்ப்பது அதைத்தான்.

நீலவண்டி:
டயர் எண் 4720. ஓட்டம் 98,600.

ஆயில்கறை:
அப்படியானால் 'புது டயர்' என்று விளம்பரத்தில் எழுத வேண்டாம். 'டயரில் பட்டன் (தரையில் படும் மேடு பள்ளம்) நன்றாக இருக்கிறது' என்று எழுதுங்கள். 98,600 என்றால் இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்றும் பாருங்கள். பெல்ட் என்றால் பல இன்ஜின்களுக்கு 1 லட்சம் கிலோமீட்டரை ஒட்டி மாற்றச் சொல்வார்கள், கையேட்டில் இருக்கும். மாற்றிய பில் இருந்தால் அது பணம். இல்லையென்றால் வாங்குபவர் அந்தச் செலவைக் கழித்துத்தான் பேசுவார்.

மைல்கல்:
98,600-ஆ! முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். 1 லட்சத்தைத் தாண்டினால் விலை சரியும். இது என் கற்பனை இல்லை, லசெடேரா, போப், சிட்னர் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேற்பட்ட பழைய கார் மொத்த விற்பனைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு 10,000 மைலைத் தாண்டும் இடத்திலும் விலை படி இறங்குவது போலச் சட்டென்று விழுந்தது. மக்கள் கண் இடது பக்க எண்ணில்தான் நிற்கிறது.

செவ்வந்தி:
99,900-ல் நிற்கும் வண்டியைப் பார்த்தால் எனக்கு மீட்டரைத் திருப்பினார்களோ என்றுதான் தோன்றும்.

மைல்கல்:
சர்வீஸ் பில்லில் வரிசையாகக் கிலோமீட்டர் போட்டிருக்கும். அதைக் காட்டினால் சந்தேகம் தீர்ந்தது. விலைக்கும் இதே கதைதான். தேடுபவர்கள் 'இதுவரை' என்று ஒரு முழு எண்ணைப் போட்டு வடிகட்டுவார்கள். அந்த முழு எண்ணுக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் அவர்கள் கண்ணிலேயே பட மாட்டீர்கள். ஒன்று அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள், இல்லையென்றால் நன்றாகவே மேலே வையுங்கள்.

நீலவண்டி:
பெல்ட் இல்லை, செயின். சர்வீஸ் பில் முக்கால்வாசி இருக்கிறது. இடது பின் கதவில் சின்ன டென்ட் (நசுங்கல்) ஒன்று. இன்ஜின் விளக்கு எப்போதாவது எரியும், தானே அணைந்துவிடும். அது ஒன்றும் பிரச்சினை இல்லை.

கிளட்ச்வயர்:
'ஒரு பிரச்சினையும் கிடையாது' என்று தொடங்கிய ஆள் இவர்தானே?

மூத்தகுடி:
விஷயம் இப்போதுதான் வெளியே வருகிறது. அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-லேயே பழைய கார் சந்தையை வைத்து எழுதி, 2001-ல் நோபல் பரிசில் பங்கும் வாங்கிவிட்டார். விற்பவனுக்கு வண்டி தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டுத்தான் விலை சொல்வான். ஆகவே நீங்கள் போட வேண்டியது விலை இல்லை தம்பி, ஆதாரம். இந்த அடிப்படையாவது தெரிந்துகொண்டு வந்திருக்கலாம்.

ஆயில்கறை:
பெரியவர் சொன்ன தோரணை எப்படியோ, சொன்னது சரி. அந்த விளக்குக்கு ஒரு ஸ்கேனரை மாட்டி, வண்டி பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள். பெட்ரோல் மூடி சரியாக மூடாததாக இருக்கலாம், ஆக்சிஜன் சென்சாராக இருக்கலாம். என்னவென்று தெரிந்த கோளாறுக்கு ரிப்பேர் செலவைத்தான் கழிப்பார்கள். தெரியாத கோளாறு என்றால் இன்ஜினே போய்விட்ட மாதிரி கழிப்பார்கள். குறியீட்டை அழித்துவிட்டு விளக்கு எரியாமல் காட்டலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அழித்த பிறகு வண்டியின் சுயசோதனைகள் எல்லாம் 'இன்னும் முடியவில்லை' என்று நிற்கும். விஷயம் தெரிந்தவர் ஸ்கேனரோடு வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ரப்பர்பாய்:
அந்த டென்ட்டை டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்துவிடுங்கள். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தால் பேரமே குறையும்.

செவ்வந்தி:
கூடவே கூடாது. புதுப் பெயிண்ட் என்றாலே 'எதை மறைக்கிறார்' என்ற கேள்வி வரும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100, 150 மைக்ரான் கனத்தில் இருக்கும். பட்டி போட்ட இடத்தில் பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை வைத்தால் பல நூறு காட்டும். சின்ன டென்ட்டாகப் பார்த்தது பெரிய விபத்தாகத் தெரியும்.

ரப்பர்பாய்:
எத்தனை பேர் கருவியோடு வந்து கார் பார்க்கிறார்கள்? நூற்றில் ஒருவர்?

செவ்வந்தி:
வாங்குபவர் கூட்டி வரும் மெக்கானிக்கிடம் இருக்கும்.

ரப்பர்பாய்:
மெக்கானிக் கதவைத் தட்டிப் பார்ப்பார், நாற்பது வருஷமாக அப்படித்தான்.

ஆயில்கறை:
பெயிண்ட் உரியாமல் இருந்தால் உள்ளிருந்து தள்ளி எடுக்கும் முறை இருக்கிறது, பெயிண்டே தேவையில்லை. இரண்டு பேரும் விட்டுவிடலாமா?

ரப்பர்பாய்:
கதவு விளிம்பில் இருந்தால் அது நடக்காது. டென்ட் கதவில் எந்த இடத்தில் இருக்கிறது என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்துசீட்டு:
நீலவண்டி, இந்தச் சண்டையை விடுங்கள். இரண்டு எண்களை முடிவு செய்யுங்கள். ஒன்று விளம்பரத்தில் போடுவது. இன்னொன்று இதற்குக் கீழே தர மாட்டேன் என்பது, அது உங்கள் மனதிலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே பேரத்துக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள், நிறைய விட்டால் போனே வராது. போனில் 'கடைசி விலை என்ன?' என்று கேட்பவர்களிடம் இறங்க வேண்டாம். 'வந்து வண்டியைப் பாருங்கள், பேசலாம்' என்று சொல்லுங்கள். போனில் இறங்கினீர்கள் என்றால், நேரில் பேரம் அந்த இறங்கிய விலையிலிருந்துதான் தொடங்கும். டென்ட்டையும் ஸ்கேன் முடிவையும் விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால், நேரில் வந்தவர் அதைக் காட்டிக் குறைக்க முடியாது.

கிளட்ச்வயர்:
ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். போனே வரவில்லை என்றால் விலை அதிகம். போட்ட ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் அழைத்தால் குறைவு.

மூத்தகுடி:
மொத்தத்தில் இன்னும் மாடல் பெயரைச் சொல்லவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

நீலவண்டி:
விற்றுவிட்டது. விளக்குக்கு ஆக்சிஜன் சென்சார்தான் காரணம், மாற்றி பில்லை வைத்திருந்தேன். டீலர் சொன்னதைவிட நன்றாகவே கிடைத்தது. எல்லாருக்கும் நன்றி.

மைல்கல்:
மீட்டரில் எவ்வளவு ஓடியிருந்தது விற்கும்போது?

ரப்பர்பாய்:
அதை விடுங்கள். டென்ட்டை எடுத்தீர்களா இல்லையா?

செவ்வந்தி:
எடுத்திருக்க மாட்டார்.