தோவாடா கலை மையம்: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

ஆள் உயரத்தில் ஒரு சிலை இருந்தால் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில், கறுப்பு உடையில், வயதான ஒரு அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றால்? ஜப்பானின் முக்கியத் தீவான ஹோன்ஷுவின் வடகோடியில், அவோமோரி மாகாணத்தில் உள்ள தோவாடா கலை மையத்துக்குள் நுழைந்ததும் நான் மாட்டிக்கொண்டது இவரிடம்தான். செய்தவர் ரான் மியூக். புறங்கையில் நரம்பு ஓடுகிறது, தோலில் புள்ளிகள், கண்ணோரத்தில் ஈரம் மாதிரி ஒரு மினுமினுப்பு. என் தலை அவர் இடுப்பளவுக்குத்தான் வந்தது. அவர் பார்வை நம் மேல் விழாமல் பக்கவாட்டில் எங்கோ போகிறது. அந்தப் பார்வைக்குள் போய் நிற்கலாமென்று சுற்றிச் சுற்றி வந்தேன், நடக்கவில்லை. வேறு யாரோ செய்த தப்புக்கு நம் முன்னால் கோபமாக இருக்கிறார் போலிருக்கிறது.

இவருக்கென்று தனி அறை என்பதுதான் இங்கே விஷயம். கட்டடத்தை வடிவமைத்த ர்யூவே நிஷிசாவா, ஒரே பெரிய மண்டபமாகக் கட்டவில்லை. பெரிதும் சிறிதுமாக வெள்ளைப் பெட்டிகளை ஆளுக்கொரு கோணத்தில் போட்டு, அவற்றைக் கண்ணாடி நடைபாதைகளால் இணைத்திருக்கிறார். பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு ஒரு படைப்பு. ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் இருபக்கமும் கண்ணாடி: புல், வானம், தெருவில் சைக்கிளில் போகிறவர். கண் கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் அடுத்தது. பெரிய அருங்காட்சியகங்களில் நாலாவது அறைக்கு வருவதற்குள் எனக்கு எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். இங்கே பார்த்த ஒவ்வொன்றும் இன்னும் தனித்தனியாக நினைவிருக்கிறது.

வாசலில் நிற்கும் பூக்குதிரையையும் சொல்ல வேண்டும். கொரியாவின் சோய் ஜோங் ஹ்வா செய்தது. உடம்பு முழுக்கக் கலர் கலராகப் பூ, முன்கால்களைத் தூக்கி நிற்கிறது. ஒரு காலத்தில் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்துக் கொடுத்த ஊர் இது. அது தெரிந்த பிறகு பார்த்தால் அந்தப் பூக்களே வேறு மாதிரி தெரிகின்றன.

•

மேலே எழுதியவர் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் போக நினைப்பவர்களுக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் ரயில் கிடையாது. இருந்த சின்னப் பாதையையும் 2012-ல் மூடிவிட்டார்கள். ஷிச்சினோஹே-தோவாடா நிலையத்தில் ஷின்கான்சென் அதிவேக ரயிலிலிருந்து இறங்கி பஸ்ஸில் வர வேண்டும். பஸ் அடிக்கடி வராது. நேரம் பார்க்காமல் கிளம்பினால் நிலையத்திலேயே பாதி காலை போய்விடும். திங்கட்கிழமை விடுமுறை, அதையும் கவனியுங்கள்.

நிரந்தரப் படைப்புகளை வேகமாகப் பார்ப்பவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று கூட வந்த நண்பர் முணுமுணுத்தார். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடத்தோடு இது முடிவதில்லை என்பதுதான் என் பதில். அது இருக்கும் கான்ச்சோகை தெருவில் முன்பு வரிசையாக அரசு அலுவலகங்கள். அவற்றை ஒன்றாக்கி வேறு இடங்களுக்கு மாற்றியதும் காலி மனைகள் மிஞ்சின. ஊர் வெறிச்சோடிப் போகாமல் இருக்கத் தெருவையே கலைக்குக் கொடுத்தார்கள். 2008-ல் இந்த மையம் திறந்தது. பெட்டிகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி ஏன் என்று எனக்குப் புரிந்தது, மரங்களும் காலி இடங்களுமாக இருக்கும் அந்தத் தெருவில் நடந்த பிறகுதான். எதிரே புல்வெளியில் யாயோய் குசாமாவின் புள்ளி போட்ட பூசணியும் காளான்களும், பக்கத்தில் எர்வின் வூர்மின் கொழுத்த வீடும் கொழுத்த காரும். இவற்றுக்கு டிக்கெட் வேண்டாம். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் அவற்றை ஏறிட்டும் பார்க்காமல் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

•

நான் போனது பனிக்காலத்தில். வெளியே வெள்ளை, பெட்டிகளும் வெள்ளை, கட்டடம் எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. வெளியே உள்ள படைப்புகள் பாதி பனிக்குள் இருந்தன, ஆகவே அவற்றைப் பார்க்கவே போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

யாரும் சொல்லாத ஒன்று, ஹான்ஸ் ஓப் டி பீக்கின் அறை. இருட்டில் தடவித் தடவிப் போனால் நெடுஞ்சாலை ஓர உணவகம் ஒன்று வருகிறது. மேஜையில் உட்காரலாம். ஜன்னலுக்கு வெளியே, இரவில், விளக்குகள் எரியும் ஆளில்லாத சாலை தூரத்தில் போய் மறைகிறது. எல்லாம் அந்த அறைக்குள் செய்துவைத்த ஏமாற்று. சாலை போகப் போகக் குறுகும்படி அளவைக் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். அது தெரிந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அப்புறம் தகாஷி குரிபயாஷியின் வெள்ளை அறை. மேஜை நாற்காலி மேல் ஏறி, கூரையில் உள்ள ஓட்டைக்குள் தலையை நுழைத்தால் மேலே ஒரு சதுப்பு நிலமே இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவது சிரமம். கூட வந்த அக்கா கீழேயே நின்று, "என்னடா தெரியுது, என்னடா தெரியுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேலே தலை, கீழே கால், என்னவென்று சொல்வது? அதைச் சொல்லித் தெரியவைக்க முடியாது, போனால் ஏறிப் பாருங்கள்.