மறு: 'பேட்ச்' உற்பத்திக்குச் சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

குழுவினருக்கு வணக்கம்.

வணிகவியல் பாடத்தில் உற்பத்தி முறைகளை ஒப்பிடும் பகுதியை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கப்பல், பாலம் போல ஒவ்வொன்றாகச் செய்வதற்குத் 'தனிப்பணி உற்பத்தி' என்று போட்டுவிட்டேன். ஒரு வகையைக் குவியலாகச் செய்து முடித்து அடுத்ததற்கு மாறும் பேட்ச், நிறுத்தாமல் செய்துகொண்டே போகும் ஃப்ளோ, இரண்டும்தான் இடிக்கின்றன. 'தொகுதி உற்பத்தி', 'தொடர் உற்பத்தி' போதுமா?

*

> தொகுதி உற்பத்தி

போதாது. தொகுதி என்றதும் மாணவருக்குத் தேர்தல்தான் நினைவு வரும். அதைக்கூட விடுங்கள். எவை சேர்ந்திருக்கின்றன என்பதைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது. ஒரு வகையை முடித்து, இயந்திரத்தை நிறுத்தி, அச்சை மாற்றி, அடுத்ததைத் தொடங்குகிறார்களே, அந்த நிறுத்தம்தான் பேட்சின் உயிர். வீட்டில் ஒரு தடவை இட்லி ஏற்றி இறக்குவதை 'ஈடு' என்கிறோம் அல்லவா? அதை எடுங்கள். 'சுடு' என்பது 'சூடு' ஆனதுபோல 'இடு' என்பது 'ஈடு' ஆனது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஈட்டளவு (ஓர் ஈட்டில் செய்யும் எண்ணிக்கை), ஈட்டெண் என்று கிளைக்கவும் செய்யும்.

ஃப்ளோவுக்கு 'ஒழுக்கு'. புறநானூற்றில் முட்டை கொண்டு போகும் எறும்புகளின் 'சில்லொழுக்கு' (சிறு வரிசை) நினைவிருக்கும்.

*

> ஒழுக்கு

ஐயா, மழையில் கூரை செய்வதும் ஒழுக்குதான். வகுப்பே சிரிக்கும். தவிர, எறும்பு தானே நடக்கிறது. 1913இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகர்ந்தது வண்டியின் அடிச்சட்டம். ஆள் நின்ற இடத்திலேயே நின்றார். உவமை தலைகீழ்.

ஈடு என்றால் அடமானம், இழப்பீடு. திருவாய்மொழி உரைக்கும் அதே பெயர். வணிகவியல் புத்தகத்தில் கடனுக்கு ஈடு வராமலா போகும்?

*

> உவமை தலைகீழ்

எறும்பை விடுங்கள், முட்டையைப் பாருங்கள்! அது நிற்காமல் நகர்கிறதே. ஒழுகு என்ற வேரிலிருந்துதான் ஒழுக்கமும் வந்தது. வழுவாமல் ஒரே நெறியில் போவது. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

*

சரி, வியாழன் இரவாகிவிட்டது. தொகுதிக்கு நான்கு பேர், ஈட்டுக்கு இரண்டு பேர். தொகுதி, தொடர் என்றே அனுப்புகிறேன். ஒரு வாக்கியத்தில் மட்டும் கைவைக்க மனம் வரவில்லை: "ஈட்டளவைக் கூட்டினால் அச்சு மாற்றும் செலவு பொருளொன்றுக்குக் குறைவாக விழும், ஆனால் விற்காத சரக்கு கிடங்கில் தேங்கும்." பதிப்பாசிரியர் கண்ணில் படாவிட்டால் பிழைக்கும்.

*

> தொகுதி, தொடர் என்றே

ஒழுக்குக்கு வாக்கெடுப்பே நடக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.