பயாஸ் பொத்தானை அழுத்தினால் விளக்கு ஐந்து நொடியில் அசையாமல் நின்றுவிடுகிறது: பழுது பென்டிரைவிலா, மதர்போர்டிலா?

குமுளி நகலகம் | திங்கள், இரவு 9.10

வணக்கம். குமுளியில், சோதனைச் சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழிலும் மலையாளத்திலும் விண்ணப்பம் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. கடையின் கணினி மூன்று நாளாகப் படுத்துக் கிடக்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகிறவர்கள் முன்பதிவுச் சீட்டை அச்செடுக்க வாசலில் நிற்பார்கள். அதற்குள் எழுப்பியாக வேண்டும்.

2020 கடைசியில் வாங்கிய பி550 மதர்போர்டு. அதில் ரைசன் 3 3100 பிராசஸர். அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் அந்தக் கார்டு போய்விட்டது. இன்னொரு கார்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் கூடப் போட்டால் ரைசன் 5 5600ஜி கிடைக்கிறதே, அதற்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறதே என்று கணக்குப் போட்டு வரவழைத்தேன். மாட்டினேன். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்) பழையது, அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

மதர்போர்டுப் பலகையின் பின்பக்கம் திரை இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் இருக்கிறது. நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸை இறக்கி, 64 ஜிபி பென்டிரைவில் போட்டு, பொத்தானை மூன்று நொடி அழுத்தினேன். விளக்கு சிமிட்டுகிறது. ஐந்து நொடியில் சிமிட்டல் நின்று, அணையாமல் அப்படியே எரிகிறது. பத்து முறை செய்துவிட்டேன். மதர்போர்டும் போய்விட்டதா?

கம்பம் பழுதுக்கடை | திங்கள், இரவு 9.45

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். சிமிட்டல் ஐந்து நொடியில் நின்றுவிட்டது என்றால், பலகை பென்டிரைவில் தேடிப் பார்த்தது, தனக்கு வேண்டியதைக் காணவில்லை, அவ்வளவுதான். எழுதவே ஆரம்பிக்கவில்லை. எழுதாதவரை பழைய பயாஸ் பத்திரமாக இருக்கிறது. பத்து முறை என்ன, நூறு முறை அழுத்தியிருந்தாலும் கெட்டிருக்காது.

5600ஜி கடைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். உங்கள் பலகை 2020-இல் பெட்டிக்குள் போனது. பின்னால் பிறக்கப்போகும் பிராசஸரை அது எப்படி அறியும்? ஆகவே திரை இருட்டாக இருப்பது இயல்பு. இதில் யாருடைய குற்றமும் இல்லை.

இப்போது மூன்று கேள்விகள். பென்டிரைவ் எந்த முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது? எந்தத் துளையில் செருகினீர்கள்? உள்ளே இருக்கும் ஃபைலின் பெயர், எழுத்துக்கு எழுத்து, என்ன?

கொழிஞ்சாம்பாறை மாணவன் | திங்கள், இரவு 10.20

பழைய 3100-ஐ மீண்டும் மாட்டி, விண்டோஸுக்குள் போய் அங்கிருந்தே பயாஸைப் புதுப்பித்துவிடலாமே? இல்லையென்றால் இணையத்தில் சிஎச்341ஏ என்ற கருவி மலிவாகக் கிடைக்கிறது. பயாஸ் சிப்பின் எட்டுக் கால்களையும் கிளிப்பால் கவ்வி நேராக எழுதிவிடலாம். நான் ஒரு மடிக்கணினிக்கு அப்படிச் செய்திருக்கிறேன்.

கம்பம் பழுதுக்கடை | திங்கள், இரவு 10.40

3100-ஐ மாட்டினால் திரைக்கு யார் படம் கொடுப்பது? கார்டுதான் போய்விட்டதே. யாரிடமாவது ஒரு மணி நேரத்துக்குக் கார்டு இரவல் கிடைத்தால் அது நல்ல வழி. கண் தெரியாமல் விண்டோஸிலிருந்து பயாஸ் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. பயாஸ் சிப்களில் 3.3 வோல்ட்டில் ஓடுபவையும் உண்டு, 1.8 வோல்ட்டில் ஓடுபவையும் உண்டு. மலிவு விலைக் கறுப்புக் கருவியில் சில, 3.3 என்று சொல்லிக்கொண்டே கம்பிகளில் 5 வோல்ட்டை விடும். சிப்பின் மேல் இருக்கும் எண்ணைப் படித்துப் பார்க்காமல் கவ்வினால், கெடாத சிப்பும் கெடும். பொத்தான் இருக்கும்போது கிளிப்பைத் தொடாதீர்கள். உங்கள் மடிக்கணினி பிழைத்தது உங்கள் நல்ல நேரம்.

குமுளி நகலகம் | செவ்வாய், காலை 7.05

அண்ணே, நன்றி. பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் என்று காட்டுகிறது, வாங்கியபடியே இருக்கிறது. முன்பக்கத் துளையில் செருகினேன். ஃபைல் ஜிப் கட்டாக (சுருக்கிக் கட்டிய ஃபைலாக) இறங்கியது, அதை அப்படியே போட்டேன். வீட்டு மடிக்கணினியில் ஃபேட்32 ஆக மாற்றப் பார்த்தால், ஃபார்மேட் சன்னலில் அந்தத் தெரிவே வரவில்லை.

கம்பம் பழுதுக்கடை | செவ்வாய், காலை 7.30

மூன்றும் தவறு. ஒருவிதத்தில் நல்லது, சந்தேகத்துக்கு இடமில்லை.

பொத்தானை அழுத்தும்போது வேலை செய்வது விண்டோஸ் இல்லை, உங்கள் பிராசஸரும் இல்லை. பலகையில் இருக்கும் ஒரு குட்டிச் சிப். பிராசஸரையும் ராமையும் கழற்றி வைத்துவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அதற்குத் தெரிந்த உலகம் மிகச் சிறியது. ஃபேட்32 படிக்கத் தெரியும். எக்ஸ்ஃபேட்டும் என்டிஎஃப்எஸும் தெரியாது. ஒரே ஒரு யுஎஸ்பி துளையைத்தான் அது பார்க்கும். ஒரே ஒரு பெயரைத்தான் தேடும். ஜிப் கட்டைப் பிரிக்கத் தெரியாது. ஃபோல்டருக்குள் வைத்தால் உள்ளே போய்ப் பார்க்காது.

துளை: பின்பக்கத் தகட்டில் ஒரு யுஎஸ்பி துளையைச் சுற்றிக் கட்டம் போட்டிருக்கும், அல்லது பயாஸ் என்று பொறித்திருக்கும். அது மட்டும்தான்.

பெயர்: உங்கள் பலகை எந்த நிறுவனத்துடையது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு நிறுவனங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். எம்எஸ்ஐ என்றால் அதே மூன்று ஆங்கில எழுத்து, புள்ளி, ஆர்ஓஎம். கிகாபைட் என்றால் நிறுவனத்தின் பெயரே, புள்ளி, பிஐஎன். ஆஸ்ராக் பலகை கிரியேட்டிவ் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடும், புள்ளிக்குப் பின் ஆர்ஓஎம். ஆசுஸில் பலகைக்குப் பலகை பெயர் மாறும். இறக்கிய கட்டுக்குள்ளேயே பெயர் மாற்றும் ஒரு சிறு நிரல் இருக்கும், அதை இரண்டு முறை கிளிக் செய்தால் போதும்.

இறக்கும்போது பலகையின் பெயரை முழுவதும் ஒப்பிட்டுப் பாருங்கள். வைஃபை உள்ளது வேறு, இல்லாதது வேறு. கிகாபைட் என்றால் பலகையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் திருத்த எண்ணையும் பாருங்கள்.

ஃபேட்32: விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சன்னல் 32 ஜிபிக்கு மேல் அந்தத் தெரிவைக் காட்டாது. பென்டிரைவில் சிறிய பகுதி ஒன்றைப் பிரித்துச் செய்யலாம்தான். ஆனால் என் அனுபவத்தில் பழைய, சின்ன, யுஎஸ்பி 2.0 பென்டிரைவ்தான் இந்த வேலைக்குக் கைகொடுக்கும். வேகமான புதியவை பலவற்றை அந்தக் குட்டிச் சிப் மதிப்பதில்லை. அக்கம்பக்கத்தில் 8 ஜிபி, 16 ஜிபி எதுவும் இல்லையா?

குமுளி நகலகம் | செவ்வாய், பிற்பகல் 1.50

கிடைத்துவிட்டது. பக்கத்து மின்சாமான் கடைச் சேட்டனிடம் கேட்டேன், அவரிடம் இருந்ததும் 64 தான். பிறகுதான் நினைவு வந்தது. காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப் ஓட்டுநர் ஒருவர் நம் கடையில்தான் தேநீர் குடிப்பார். அவர் ஜீப்பில் பாட்டுக்காக ஒரு 8 ஜிபி பென்டிரைவ் செருகியிருக்கும். மாலைக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினேன். பார்த்தால் ஏற்கெனவே ஃபேட்32!

கம்பம் பழுதுக்கடை | செவ்வாய், பிற்பகல் 2.05

இருக்கும். பழைய ஜீப்பின் பாட்டுப்பெட்டியும் உங்கள் மதர்போர்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை. ஃபேட்32 தாண்டி இரண்டுக்கும் எதுவும் தெரியாது.

பாட்டுகளை முதலில் மடிக்கணினியில் நகலெடுத்து வைத்துவிட்டு, ஒருமுறை ஃபார்மேட் செய்துவிடுங்கள். ஆனால் இன்று பொத்தானைத் தொடாதீர்கள். ஐப்பசி மாதம், மணி இரண்டு. இங்கே கம்பத்திலிருந்து பார்த்தாலே உங்கள் மலை கறுத்துக்கொண்டு நிற்கிறது. இடி இறங்கும் நேரத்தில் பயாஸ் எழுத ஆரம்பித்து மின்சாரம் போனால், அப்போதுதான் நீங்கள் பயப்பட வேண்டும். காலையில் செய்யுங்கள், யுபிஎஸ்ஸில் செருகிச் செய்யுங்கள். திரை, பிரிண்டர் எல்லாவற்றையும் யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். இந்த வேலைக்கு மின்சாரம் கொஞ்சம்தான் வேண்டும்; கிழட்டு பேட்டரியும் தாங்கும்.

குமுளி நகலகம் | புதன், காலை 7.40

அண்ணே, மீண்டும் அதே கதை. சரியான துளை, ஃபேட்32, கட்டைப் பிரித்தேன், நீங்கள் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்தேன். ஐந்து நொடி, விளக்கு நின்றுவிட்டது. ஜீப்காரர் வேறு நேற்று பாட்டில்லாமல் போனதைச் சொல்லிக்காட்டினார்.

கம்பம் பழுதுக்கடை | புதன், காலை 7.48

மடிக்கணினியில் அந்த ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, பண்புகள் பகுதியைத் திறந்து, அங்கே காட்டும் முழுப் பெயரை அப்படியே எழுதுங்கள். ஃபோல்டரில் தெரியும் பெயர் வேண்டாம்.

குமுளி நகலகம் | புதன், காலை 7.55

ஐயோ. புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்து இரண்டு முறை இருக்கிறது. பெயர், புள்ளி, அந்த மூன்று எழுத்து, மறுபடி புள்ளி, மறுபடி அதே மூன்று எழுத்து.

கம்பம் பழுதுக்கடை | புதன், காலை 8.00

அதேதான். விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளின் வாலை மறைத்துவிடும். உங்கள் மடிக்கணினியில் ஏதோ ஒரு நிரல் அந்த வகையைத் தன்னுடையது என்று பதிவு செய்திருக்கிறது, அதனால் வால் மறைந்திருக்கிறது. வால் இல்லை என்று நினைத்து நீங்கள் இன்னொன்றை ஒட்டினீர்கள். பார்வைக்குச் சரியாகத் தெரியும், பலகைக்கு அது வேறு பெயர். எக்ஸ்ப்ளோரரின் காட்சிப் பட்டியலில் ஃபைல் பெயர் நீட்சிகளைக் காட்டும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பெயரைத் திருத்துங்கள். என் கடைக்கு வரும் இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலானவை இந்த வாலில்தான் முடிகின்றன. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வந்தவர்கள்கூட உண்டு.

குமுளி நகலகம் | புதன், காலை 8.31

சிமிட்டியது! ஐந்து நொடியில் நிற்கவில்லை, தொடர்ந்து சிமிட்டியது. மூன்றாவது நிமிடம் மின்சாரம் போய்விட்டது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை, எங்கே தடுக்கிக் கம்பியைப் பிடுங்கிவிடுவேனோ என்று. ஆறு நிமிடம் கழித்து விளக்கு தானாக அணைந்தது. பிறகுதான் மூச்சு வந்தது.

ஆனால் இப்போது இயக்கினால் திரை இன்னும் இருட்டுதான். இரண்டு நிமிடமாகிறது. அணைத்துவிடட்டுமா?

கம்பம் பழுதுக்கடை | புதன், காலை 8.33

அணைக்காதீர்கள்! புது பயாஸ் முதல் முறை எழும்போது ராமைத் தட்டிக்கொட்டிப் பழகிக்கொள்ளும். தானே இரண்டு மூன்று முறை அணைந்து எழவும் கூடும். பத்து நிமிடம் கொடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் மின்கம்பியைப் பிடுங்கி, வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். திரைக் கம்பி பின்பக்கத்தில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில்தான் இருக்கிறதா? செத்த கார்டில் இல்லையே?

குமுளி நகலகம் | புதன், காலை 8.41

செத்த கார்டில்தான் இருந்தது. கார்டைக் கழற்றிவிட்டுக் கம்பியை மாற்றிச் செருகினேன். படம் வந்துவிட்டது! ஆனால் விண்டோஸ் வரவில்லை. பூட் செய்ய எதுவும் இல்லை என்கிறது. டிஸ்க்கின் பெயர் மட்டும் பயாஸில் தெரிகிறது.

கம்பம் பழுதுக்கடை | புதன், காலை 8.50

டிஸ்க் தெரிகிறது என்றால் கவலை இல்லை. இந்த விண்டோஸ் ஏதோ பழைய கணினியிலிருந்து டிஸ்க்கோடு வந்தது, சரியா? புதுப்பித்ததும் பயாஸ் தன் தேர்வுகளையெல்லாம் மறந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அதில், பழைய முறையில் பூட் செய்ய உதவும் சிஎஸ்எம் அணைந்திருக்கும். பூட் பகுதிக்குப் போய் சிஎஸ்எம்மை இயக்கி, சேமித்து வெளியே வாருங்கள். டிஸ்க்கைப் புதிய முறைக்கு மாற்றுவதை, கடைக்கு ஆள் வராத ஒரு நாளில், நகல் எடுத்துவைத்துவிட்டுச் செய்யலாம். இப்போது வேண்டாம்.

போடி ஏலக்காய்க் கடை | புதன், காலை 9.30

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். என் கணினியிலும் பயாஸ் புதுப்பிக்கலாம் என்றிருக்கிறேன். ஏலக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. விண்டோஸ் 11. ஏதாவது கவனிக்க வேண்டுமா அண்ணா?

கம்பம் பழுதுக்கடை | புதன், காலை 9.42

ஒன்று கேட்கிறேன் அம்மா, இப்போது கணினி ஒழுங்காக ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் எதற்குத் தொடுகிறீர்கள்? புது பிராசஸர் மாட்டப்போகிறீர்கள், அல்லது பாதுகாப்புக் குறை ஒன்றுக்குத் திருத்தம் வந்திருக்கிறது என்றால் செய்யுங்கள். செய்வதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பயாஸ் மாறினால் பூட்டு உங்களை அந்நியராக நினைத்து அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் கணக்கு அத்தனையும் உள்ளேயே இருந்துவிடும். என்னாலும் எடுத்துத் தர முடியாது.

குமுளி நகலகம் | புதன், மாலை 6.15

விண்டோஸ் வந்துவிட்டது அண்ணே. மதியத்துக்குள் பதினோரு விண்ணப்பம் அடித்துக் கொடுத்துவிட்டேன். கம்பம் வரும்போது கடைக்கு வருகிறேன், உங்களுக்கு நல்ல ஏலக்காய் கொண்டுவருகிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். ஜீப்காரரின் பாட்டுகளையெல்லாம் பழையபடி ஏற்றிப் பென்டிரைவைக் கொடுத்துவிட்டேன். பயாஸ் ஃபைலை அழிக்க மறந்துவிட்டேன். மலை இறங்கும்போது அந்தப் பாட்டுப்பெட்டி அதை வாசிக்கப் போய் ஏதாவது ஆகுமா?

கம்பம் பழுதுக்கடை | புதன், மாலை 6.40

ஒன்றும் ஆகாது, அது பாட்டு ஃபைலை மட்டும்தான் தேடும். நாளை காலை தேநீருக்கு வருவார் அல்லவா, அப்போது அழித்துக்கொள்ளுங்கள். தேநீருக்குக் காசு வாங்காதீர்கள்.