மே மாதம் பத்து நாள் ஆய்வகம் தேவை

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் மூன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகக் கோடை அறிவியல் முகாம் ஒன்றில் சேர்க்க ஜனவரியிலிருந்து அலைகிறேன். நடக்கவில்லை.

மூவரும் தமிழ்வழி. இரண்டு பேர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். தாமிரபரணித் தண்ணீரைப் பாபநாசத்திலும் வண்ணார்பேட்டையிலும் பிடித்து, கரைந்திருக்கும் ஆக்சிஜனை ஒப்பிட வேண்டும் என்பது அவர்களாகவே யோசித்தது. வின்க்ளர் முறையில் செய்யலாம். தண்ணீர் பிடித்த இடத்திலேயே மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்துவிட வேண்டும். பள்ளியில் அதற்கான மூடி போட்ட குப்பிகூடக் கிடையாது.

வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. ஆனால் விடுதி, சாப்பாடு, ரயில் எல்லாம் நம் தலையில். அதோடு ஆங்கிலத்தில் 500 சொல் கட்டுரை வேறு. (அறிவியலைச் சோதிக்கிறார்களா, ஆங்கிலத்தையா?) இஸ்ரோ பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் யுவிகா முகாமில் செலவை அவர்களே ஏற்கிறார்கள், ஆனால் அது ஒன்பதாம் வகுப்புக்கு. இஸ்ரோ மையம் இருக்கும் மகேந்திரகிரி பக்கத்திலேயே இருந்து என்ன செய்ய! உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் நேரில் போய்க் கேட்டேன். மே மாதம் ஆய்வகம் பூட்டியிருக்கும் என்றார்கள்.

தினமும் பஸ்ஸில் கூட்டிவர நான் தயார். ரசாயனச் செலவில் 2,000 ரூபாய் வரை நானே போடுகிறேன்.

நெல்லை, தென்காசி, நாகர்கோவில் வட்டாரத்தில், பள்ளி மாணவர்களை மே மாதம் பத்து நாள் ஆய்வகத்தில் வேலை செய்ய விடும் கல்லூரியோ பல்கலைக்கழகத் துறையோ உங்களுக்குத் தெரியுமா?