கீழ் வீடும் மாடியும் சேர்ந்து அடிக்க வேண்டிய புகை அலாரம் தனித்தனியா அடிக்குது, உதவி பண்ணுங்க

மாடிவீட்டுக்காரி, பழைய வண்ணாரப்பேட்டை:
கீழே மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்ச கூரை) போட்ட பழைய கட்டு, மாமனார் மாமியார் இருக்காங்க. மேலே பிற்பாடு எழுப்பின கான்கிரீட் மாடி, நாங்களும் பசங்களும். இறங்க ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கு அடியிலதான் ராத்திரி எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஆகுது. அங்க புகைஞ்சா மேல தூங்குறவங்களும் எழுந்திருக்கணும்னுதான் ஒயரால இணைக்கிற அலாரம் வாங்கினோம். 230 வோல்ட், உள்ளே பேட்டரியும் உண்டு. மாடியில மூணு, கீழே ரெண்டு.

மேல ஒண்ணுல டெஸ்ட் பட்டனை அழுத்தினா மேல இருக்கிற மூணும் அடிக்குது, கீழே சத்தமே இல்லை. கீழே அழுத்தினா கீழே மட்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கிற நேரத்துல சில சமயம் மேல மூணும் அலறி அடங்குது. மாட்டின எலெக்ட்ரீஷியன் "அலாரம் பீஸே அப்படித்தான்" என்கிறார். மாத்தணுமா?

தண்டையார்பேட்டை ஒயர்மேன்:
பீஸை இப்போ தொடாதீங்க மா. மூணு விஷயம் சொல்லுங்க. வீட்டுக்கு ஒரு மீட்டரா, ரெண்டா? மாடி அலாரத்துக்கு லைன் எங்கிருந்து வருது? அலாரங்களைச் சேர்க்கிற மூணாவது ஒயர் என்ன கலர்?

மாடிவீட்டுக்காரி:
ரெண்டு மீட்டர் அண்ணா, கீழுக்கு ஒண்ணு, மாடிக்கு ஒண்ணு. மாடி அலாரத்துக்கு இன்வெர்ட்டர் லைன்ல கொடுத்திருக்கார், கீழே கீழ்போர்டுல இருந்து. மெயினை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்காரர் படிக்கட்டு அலாரத்தைக் கழட்டிப் பார்த்தார். மூணாவது டெர்மினல்ல பச்சை ஒயர், நுனியில இன்சுலேஷன் டேப் சுத்தி முறுக்கி விட்டிருக்கு.

தண்டையார்பேட்டை ஒயர்மேன்:
கோளாறு அங்கதான், கீழையும் மேலையும் இணைக்கிற ஒயரைச் சேர்க்காம விட்டிருக்கார். ஆனா அதை அப்படியே சேர்த்துடவும் கூடாது. மூணாவது ஒயர்ல போறது சில வோல்ட் சிக்னல். அந்தச் சிக்னல் திரும்பி வர நியூட்ரல் வேணும். உங்க வீட்டுல கீழ் நியூட்ரல் ஒரு மீட்டர் வழியா வருது, மேல் நியூட்ரல் இன்னொரு மீட்டர், அதுக்கு மேல இன்வெர்ட்டர். ரெண்டு மீட்டரோட பேஸும் (கரண்ட் வர்ற லைன்) வேற வேறயா இருக்கும்போது ஒயரைச் சேர்த்தா அலாரமே எரிஞ்சு போகலாம். எல்லா அலாரமும் ஒரே சர்க்யூட்ல இருக்கணும், லைனும் நியூட்ரலும் ஒரே இடத்துல இருந்து வரணும்னுதான் இந்த மாதிரி அலாரத்தோட தாள்ல போட்டிருப்பாங்க.

எனக்குப் பயம் வேற. படிக்கட்டு டப்பாவுல ரெண்டு மீட்டர் சப்ளையும் வந்து நிக்குது. நாளைக்கு யாராவது மாடி மெயினை மட்டும் இறக்கிட்டு, கரண்ட் இல்லைன்னு நம்பிக் கை வைப்பாங்க. அதனால ரெண்டு மெயினையும் இறக்கி, இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணி, டெஸ்ட் லேம்ப் (கரண்ட் இருந்தா எரியுற பல்பு) வெச்சுப் பார்த்த பிறகுதான் யாரும் தொடணும். லைன் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஆளையே கூப்பிடுங்க.

செய்ய வேண்டியது இதுதான். கீழ்மீட்டர்ல படிக்கட்டு லைட் ஓடுற சர்க்யூட்டை எடுத்து, சுவிட்சுக்கு முன்னாடியே பிரிச்சு அஞ்சுக்கும் கொடுங்க. தினம் போடுற லைட் அது, அந்த எம்சிபி (தானா ட்ரிப் ஆகுற சுவிட்ச்) இறங்கினா அன்னைக்கே தெரிஞ்சிடும். கரண்ட் போனா அலாரத்துக்குள்ள பேட்டரி இருக்கு, இன்வெர்ட்டர் தேவையே இல்லை. பச்சை எர்த்துக்கு மட்டும்தான். சிக்னலுக்கு வேற கலர், 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரே இழுக்கட்டும். சின்ன வோல்ட்தானேன்னு காலிங் பெல்லுக்குப் போடுற மெல்லிசு ஒயர் போடக் கூடாது, 230 ஓடுற அதே பைப்புல அதுவும் போகுது.

பெரம்பூர்க்காரன்:
பைப்புல இடம் இல்லைன்னா ஒயர்லெஸ்ஸா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற பேட்டரி அலாரம் போட்டுடலாமே? ரெண்டு மீட்டர் பிரச்சனையே வராது.

தண்டையார்பேட்டை ஒயர்மேன்:
புதுசா வாங்குறவங்களுக்கு நானும் அதைத்தான் சொல்லுவேன் தம்பி. இவங்க வாங்கியாச்சு, காசை வீணாக்க வேண்டாம். ஒரு கம்பெனி அலாரத்தோட இன்னொண்ணைச் சேர்க்கவும் கூடாது. அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வந்தா அது 120 வோல்ட், நம்ம லைன்ல மாட்டவே மாட்டாதீங்க.

காசிமேடு அக்கா:
மாட்டுற இடத்தையும் பாருங்க மா. மெட்ராஸ் டெரஸ்ல மரச்சட்டத்துக்கு நடுவுல இருக்கிற செங்கல்லுல ட்ரில் போட்டா சுண்ணாம்பு உதிரும், ஸ்க்ரூ பிடிக்காது. சட்டத்தோட அடிப்பக்கத்துலயே மாட்டுங்க, புகை வந்து சேர அதுதான் சரி. ஃபேன் இறக்கை நுனியில இருந்து மூணு அடியாவது தள்ளி இருக்கட்டும். சமையல்கட்டுல புகை அலாரம் வேண்டாம், மிளகாய் தாளிச்சாலே அடிக்கும். அங்க சூட்டுக்கு அடிக்கிறது தனியா வருது, இதே கம்பெனியில கேளுங்க. எங்க பக்கம் கடல் காத்துல ஈரமும் உப்பும் சேர்ந்து டெர்மினல் பச்சை பூக்கும், சின்னப் பூச்சி உள்ளே போனா சும்மாவே அடிக்கும். அப்பப்போ வேக்குவம் வெச்சு ஓரத்தை உறிஞ்சி விடுங்க.

ஸ்கூட்டரைப் படிக்கு அடியில இருந்து எடுத்துடுங்களேன். அலாரம் அடிச்சாலும் இறங்க அந்த ஒரு வழிதானே?

மாடிவீட்டுக்காரி:
வேற ஒயர்மேனைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கீழ்மீட்டருக்கு மாத்தியாச்சு. சிக்னலுக்கு வெள்ளை ஒயர், படிக்கட்டு டப்பாவுல இப்போ ஒரே சப்ளை. கீழே அழுத்தினா அஞ்சும் அடிக்குது அண்ணா, காது மந்தமான மாமனாரே எழுந்து உட்கார்ந்துட்டார். ஸ்கூட்டர் வாசல் பக்கம் போயிடுச்சு. ஒரே ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை மாமி சாம்பிராணி போட்டா அஞ்சும் சேர்ந்து அடிக்குமே, என்ன பண்றது?

தண்டையார்பேட்டை ஒயர்மேன்:
அடிக்கும்தான். எதுல ஆரம்பிச்சுதோ அதுல மட்டும் பொதுவா சிவப்பு லைட் வேகமா மின்னும். அதோட பட்டனை அழுத்தினா கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு தானா பழைய நிலைக்கு வந்துடும். மாமிக்கு அந்தப் பட்டனைக் காட்டிக் கொடுங்க, தூபக்காலை அலாரத்துக்கு நேர் கீழே வைக்காம பார்த்துக்கட்டும். அடிக்குதேன்னு பேட்டரியை உருவி வெச்சுட்டா திரும்பப் போட மறந்துடுவாங்க. போகிக்கு முதல் நாளே ஜன்னலைச் சாத்துங்க, தெருப் புகைக்கும் அடிக்கும். மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பட்டன், ஒரு மாசம் கீழே, மறு மாசம் மேலே. வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கும்போது மட்டும் கவர் போட்டு மூடுங்க, வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க. அலாரத்துக்குப் பின்னாடி தயாரிச்ச தேதி இருக்கும், அதுல இருந்து 10 வருஷத்துல மொத்தமா மாத்தணும்.