புதுப்பிப்பு: டிஸ்பேஸில் பெரிய வீடியோ ஏற்றும் சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. தெருக்கூத்துப் பதிவுகளை டிஸ்பேஸில் (டிஜிட்டல் காப்பக மென்பொருள்) ஏற்றினால் பாதியிலேயே அறுந்துபோகிறது என்று கேட்டிருந்தேன்.

முதலில், ஏற்றும் கோப்பின் அளவு வரம்பை உயர்த்திப் பார்த்தேன் (என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் இயல்பு வரம்பே 1 எம்பிதான்!). அப்படியும் சிறிய கோப்புகள் மட்டும் ஏறின. கைகொடுத்தது, பிரவுசரை விட்டுவிட்டு சர்வரிலேயே கமாண்ட் லைனில் இம்போர்ட் செய்யச் சொன்னதுதான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே வீடியோ, டப்ளின் கோர் (தலைப்பு, தேதி போன்ற விவரங்களை எழுதும் ஒரு தர முறை) விவரக் கோப்பு, கோப்புப் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதிய 'கன்டென்ட்ஸ்' கோப்பு. இந்தக் கடைசிக் கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டக் கூடாது.

எதிர்பாராதது: இம்போர்ட் செய்யும்போது டிஸ்பேஸ் கோப்பை நகர்த்தாமல் பிரதி எடுக்கிறது. ஆகவே டிஸ்க்கில் இரு மடங்கு இடம் தேவை. அப்புறம், எஃப்எஃப்வி1-இல் (தரம் குறையாமல் சேமிக்கும் வீடியோ முறை) சேமித்த மூல வீடியோ பிரவுசரில் ஓடாது; பார்ப்பதற்குத் தனியாக ஒரு எம்பி4 வைத்திருக்கிறேன்.